கரகரப்பு இருக்கட்டும்

‘தி ஹூ’ என்ற ராக் குழுவின், 1970-இல் வெளிவந்த ‘லைவ் அட் லீட்ஸ்’ இசைத்தட்டின் லேபிளில், பேனாவால் கிறுக்கினாற்போல ஒரு குறிப்பு இருக்கும். கரகரப்புச் சத்தம் இருக்கட்டும், திருத்த வேண்டாம் என்பது அதன் பொருள். தட்டு வெட்டும் இன்ஜினியருக்குச் சொன்ன சேதி அது. வாங்கிப் போனவர் மறுநாளே கடைக்கு வந்து, கீறல் விழுந்த தட்டைத் தலையில் கட்டிவிட்டீர்கள் என்று சண்டை பிடிக்காமல் இருக்கவும் உதவியிருக்கும்.

பழைய கச்சேரி டேப்புகளை மீட்டெடுக்கிற வேலையில் என் ஆயுளில் பாதிக்கு மேல் போய்விட்டது. இந்தத் தொழிலில் நடக்கிற சண்டைகள் அத்தனையும் அந்த ஒற்றை வரிக்குள் அடங்கும். எதை விட்டுவைப்பது, எதை எடுப்பது, அதைச் சொல்ல யாருக்கு உரிமை?

நான் வேலை பழகியது கோடம்பாக்கத்தில், எண்பதுகளின் தொடக்கத்தில். அப்போது பாடகர், கோரஸ், வயலின் வரிசை, தபேலா எல்லாரும் ஒரே நேரத்தில் வாசிக்கிற ரெக்கார்டிங்குகளே அதிகம். கடைசிச் சரணத்தில் யாராவது தவறினால் மறுபடி முதலிலிருந்து டேக். நடுவில் எத்தனை தடுப்பு வைத்தாலும் பாடகரின் மைக்கில் தபேலா கொஞ்சம் கசிந்தே தீரும். எனக்குத் தொழில் சொல்லித்தந்த மூத்த ரெக்கார்டிஸ்ட் அந்தக் கசிவை ஒருநாளும் திட்டமாட்டார். “தம்பி, பாடகர் மைக்கை மூடிட்டு இப்ப தபேலாவைக் கேளு. செத்துப்போச்சா? அதோட பாதி உயிரு இந்த மைக்லதான்யா இருந்துச்சு” என்பார். பிற்பாடு ராக் கச்சேரி டேப்புகளோடு மல்லுக்கட்டியபோது, படித்துத் தெரிந்துகொண்ட எதையும்விட இந்தப் பேச்சுதான் கைகொடுத்தது. மேடைப் பதிவில் எந்தக் கருவியும் அதற்கென்று வைத்த மைக்கில் மட்டும் இருப்பதில்லை.

பிறகு லண்டன். பழைய டேப்புகளை டிஜிட்டலுக்கு மாற்றிக் கொடுக்கும் ஓர் இடத்தில் சேர்ந்தேன். புதிதாக வருகிறவர்களுக்கு அங்கிருந்த பெரியவர் ஒரு பரீட்சை வைப்பார். லீட்ஸ் தட்டைச் சுழலவிட்டு, கேட்கிற ஒவ்வொரு ‘டிக்’கும் எங்கிருந்து வருகிறது என்று சொல்லச் சொல்வார். தட்டில் விழுந்த கீறலா, டேப்பிலேயே உள்ளதா, அன்றைக்கு மேடையில் எழுந்ததா? கீறல் என்றால் தட்டு ஒரு சுற்றுச் சுற்ற ஆகும் 1.8 விநாடிக்கு ஒருமுறை திரும்ப வர வாய்ப்பு உண்டு. டேப்பில் உள்ளதற்கு அந்த ஒழுங்கு கிடையாது. ஆனால் அதே பதிப்பின் இன்னொரு பிரதியை வாங்கிவந்து போட்டாலும் அதே இடத்தில் கேட்கும். மேடையில் எழுந்த சத்தத்துக்குக் கூடத்தின் எதிரொலி கூடவே வரும், மற்ற இரண்டும் மொட்டையாக வந்து மொட்டையாகப் போகும். இதைக் காதால் பிரிக்கத் தெரியாதவன் கையில் அவர் டேப்பைக் கொடுக்கமாட்டார்.

அந்தத் தட்டில் உள்ள கச்சேரி நடந்தது 1970 பிப்ரவரி 14, சனிக்கிழமை, லீட்ஸ் பல்கலைக்கழகத்தின் ரெஃபெக்டரியில். பெயர் கம்பீரமாக இருந்தாலும் அது மாணவர்கள் சாப்பிடுகிற கூடம்தான். ‘தி ஹூ’ குழு தன் ‘டாமி’ ராக் ஓபராவைத் தூக்கிக்கொண்டு அமெரிக்கா முழுவதும் சுற்றிவிட்டு வந்திருந்தது. அந்தப் பயணக் கச்சேரிகளை அவர்களுடைய ஒலிப் பொறுப்பாளர் பாப் பிரிடன் டேப்பில் பிடித்து வைத்திருந்தார். ஊர் திரும்பியதும் அத்தனையையும் உட்கார்ந்து கேட்டுத் தேர்ந்தெடுக்க குழுவின் கிட்டார்காரர் பீட் டவுன்ஸெண்டுக்குப் பொறுமையில்லை. எல்லாவற்றையும் எரித்துவிடச் சொல்லிவிட்டார். அவரே பின்னாளில் திரும்பத் திரும்பச் சொன்ன கதை இது. எங்கள் தொழிலில் இருப்பவர்கள் யாரும் இதை முழுதாகக் கேட்பதில்லை, பாதியிலேயே எழுந்து டீ குடிக்கப் போய்விடுவார்கள்.

அந்தக் குவியலுக்குப் பதிலாக இரண்டே இரண்டு இரவுகள் என்று முடிவானது. சனிக்கிழமை லீட்ஸ், ஞாயிற்றுக்கிழமை ஹல் நகர மண்டபம். ‘பை’ ரெக்கார்ட்ஸின் நடமாடும் கருவிகள் வந்தன. எட்டு ட்ராக்கில் பதிவு.

இரண்டு இரவிலும் கோளாறு. லீட்ஸில் பிடித்த டேப்பில் ‘டிக் டிக்’ என்று கரகரப்பு. ஜான் என்ட்விசிலின் பேஸ் கிட்டார் கேபிளிலிருந்து வந்தது என்பார்கள். ஹல்லில் முதல் சில பாட்டுகளுக்கு பேஸே பதிவாகவில்லை. அதனால் ஹல் டேப் ஒதுக்கப்பட்டது. லீட்ஸ் டேப்பில் கரகரப்பு அதிகம் விழாத இடங்களாகப் பார்த்து ஆறு பாட்டு எடுத்தார்கள். இரண்டு மணி நேரத்துக்கு மேற்பட்ட கச்சேரி, முப்பத்தேழு நிமிடச் சொச்சத்துக்கு வந்தது. டாமி முழுவதும் வெளியே. அந்த ஆறிலும் மூன்று, மோஸ் ஆலிஸன், எடி காக்ரன், ஜானி கிட் ஆகியோரின் பழைய பாட்டுகள். பின்குரல்கள் சரியாகப் பதிவாகாததால் பிறகு ஸ்டுடியோவில் பாடிச் சேர்த்தார்கள். உறை வெறும் பழுப்பு அட்டை, அதில் ரப்பர் ஸ்டாம்பு குத்தினாற்போலக் குழுவின் பெயர். பாப் டிலன், ரோலிங் ஸ்டோன்ஸ் பதிவுகள் அப்போது திருட்டுத் தட்டாக விற்றுக்கொண்டிருந்தன. அந்த வெற்று உறைகளைப் பார்த்துச் செய்த நையாண்டி இது.

அரைகுறை டேப்பில் தேறியதைப் பொறுக்கிச் செய்த தட்டு, மேடைப் பதிவுகளில் மிகச் சிறந்தது என்று ஐம்பது ஆண்டாகப் பெயர் வாங்கிக்கொண்டிருக்கிறது. எனக்கு இதில் ஆச்சரியமில்லை. ஒரு பக்க ஸ்பீக்கரில் பேஸ், மறுபக்கம் கிட்டார், நடுவில் கீத் மூனின் டிரம்ஸும் ரோஜர் டால்ட்ரியின் குரலும். ஒரே ஒரு கிட்டார்தான். அது ஸோலோவுக்குத் தாவினால் பின்னால் இடத்தை நிரப்ப இன்னொரு கிட்டார் கிடையாது. அந்த ஓட்டையில் என்ட்விசில் ஏறி நிற்பது காதுக்குத் தெளிவாகத் தெரியும். கூட்டத்தின் சத்தமோ மிகக் கொஞ்சம். கைதட்டலைக் கூட்டிவைத்துப் பரபரப்புக் காட்டும் வேலை இந்தத் தட்டில் இல்லை.

1995-இல் ஒலி இன்ஜினியர் ஜான் ஆஸ்ட்லி எட்டு ட்ராக் மூலத்துக்குத் திரும்பிப் போய்ப் புதிதாக மிக்ஸ் செய்தார். ஆறு பாட்டு பதினான்கு ஆனது. கரகரப்பு மறைந்தது. லேபிள் குறிப்பும் மாறியது: கரகரப்புச் சத்தம் திருத்தப்பட்டுவிட்டது! முன்பு கோளாறு அதிகம் என்று ஒதுக்கிய பாட்டுகளும் உள்ளே வந்தன. எங்கள் அறையில் அன்றைக்கு இரண்டு கட்சி. இசைக்குழுவே இருக்கட்டும் என்று எழுதிக் கொடுத்ததை இவர் யார் எடுக்க என்பது ஒன்று. எடுக்க வழியில்லாததால்தான் அவர்கள் இருக்கட்டும் என்றார்கள், வழி வந்த பிறகும் வைத்திருப்பது போலித்தனம் என்பது இன்னொன்று.

நான் இரண்டாவது கட்சி. பொதுவாக நான் இப்படித்தான் பார்ப்பேன். கூடத்தில் இருந்தவன் காதில் விழுந்த சத்தம் என்றால் அதில் கைவைக்க எனக்கு உரிமையில்லை. டேப் அலமாரியில் கிடந்த வருடங்களில் சேர்ந்த சத்தம் என்றால் யோசிக்காமல் எடுக்கலாம். தலைவலி எல்லாம் மூன்றாவது வகையில்தான்: பதிவு நடக்கும்போதே கருவிகளுக்கு இடையில் முளைத்த சத்தம். மேடைக்கும் டேப்புக்கும் நடுவில் நுழைந்தது என்றால் பார்வையாளன் அதைக் கேட்டிருக்க மாட்டான். ஆம்ப்ளிஃபையர் வழியாகவே வந்தது என்றால் கேட்டிருப்பான். பாதி நேரம் எது எது என்று நிரூபிக்க முடியாது.

எடுப்பது என்று முடிவு செய்துவிட்டாலும் வேலை எளிதல்ல. தொண்ணூறுகளில் வந்த டிக் நீக்கும் கருவிகளை கிராமபோன் தட்டுகளில் விட்டால் அற்புதம். டிரம்ஸ் பக்கம் விட்டால் நாசம். குச்சி ஸ்னேர் டிரம்மில் படுகிற முதல் நொடித்துளியும் ஒரு டிக்தான். கருவி அதையும் மழித்துவிடும், மிச்சமிருப்பது தலையணையை அடிக்கிற சத்தம். கீத் மூன் மாதிரி மூச்சுவிடாமல் சிம்பலில் விளையாடுகிற ஆள் என்றால் கருவி திணறிப்போகும். அதனால் இந்த மாதிரி டேப்புகளில் ட்ராக் ட்ராக்காக, டிக் டிக்காகத் தேடிக் கையால்தான் எடுக்கவேண்டும். ஒரு பாட்டுக்கே நாட்கணக்கில் ஆகும். காசு கொடுப்பவர்கள் இதை நம்புவதில்லை.

டேப்பைப் பற்றி வெளியே யாருக்கும் தெரியாத ஒரு வேடிக்கை உண்டு. 1970-இல் பதிவான டேப் இன்றைக்கும் நன்றாக ஓடும், 1980-இல் பதிவானது ஓடாது. எழுபதுகளின் நடுவிலிருந்து வந்த பல டேப் வகைகளில், காந்தத்தூளைப் பிடித்துவைக்கும் பசை காற்றின் ஈரத்தைக் குடித்துப் பிசுபிசுத்துவிடும். மெஷினில் மாட்டினால் ஹெட்டில் ஒட்டிக்கொண்டு கிறீச்சிடும். பழுப்பாக உதிர்ந்து கிடப்பது அழுக்கு என்று தோன்றும், அது இசை. அப்படிப்பட்ட டேப்பை 54 டிகிரி செல்சியஸ் வாக்கில் பல மணி நேரம் வாட்டி எடுக்கவேண்டும். ஈரம் போன பிறகு சில வாரங்களுக்கு நல்லபடியாக ஓடும், அதற்குள் மாற்றிவிட வேண்டும். ஒரு குழுவின் மேனேஜரிடம் உங்கள் கச்சேரியை அடுப்பில் வைக்கப்போகிறோம் என்று சொன்னபோது அவர் முகம் போன போக்கை மறக்க முடியாது. அறுபதுகளின் அசிடேட் டேப்பை இப்படி வாட்டினால் சுருண்டு பாழாகிவிடும். ஆகவே வந்ததும் முதல் வேலை, ரீலை விளக்கில் காட்டிப் பார்ப்பது. ஒளி ஊடுருவினால் அசிடேட்.

பெட்டியில் எழுதியிருப்பதை நம்பக் கூடாது என்பதும் சீக்கிரம் பிடிபட்டது. ஓர் ஆங்கிலேய ஊரின் பெயர் எழுதிய பெட்டியில் வந்த டேப்பில், பாட்டுகளுக்கு நடுவே ஆம்ப்ளிஃபையரின் ‘ஹம்’ கேட்டது. அளந்தால் 60 ஹெர்ட்ஸ். இங்கிலாந்து மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், 60 என்றால் அமெரிக்கா. யாரோ காலிப் பெட்டியில் கைக்கு வந்த ரீலைப் போட்டு மூடியிருக்கிறார்கள். அதே ஹம்மை வைத்து டேப்பின் வேகத்தையும் சரிபார்க்கலாம். 50 இருக்கவேண்டிய இடத்தில் 49 வந்தால் பாட்டு தாழ்ந்த சுருதியில் ஓடுகிறது என்று பொருள். எல்லாரும் வெறுக்கிற இரைச்சல் எங்களுக்கு அளவுகோல். அதைச் சுத்தமாகத் துடைத்துவிட்டுக் கொண்டுவந்து கொடுக்கிறவர்களைப் பார்த்தால் எரிச்சல் வரும்.

ஹல் கதைக்கு வருகிறேன். நாற்பது ஆண்டு கழித்து, 2010-இல், அந்த ஞாயிற்றுக்கிழமைக் கச்சேரியும் வெளிவந்தது. பேஸ் இல்லாத பாட்டுகளுக்கு முந்தைய இரவு லீட்ஸில் என்ட்விசில் வாசித்த பேஸையே எடுத்துப் பொருத்தினார்கள். சொல்லும்போது எளிதாக இருக்கிறது. ஒரே குழு, ஒரே பாட்டு என்றாலும் இரண்டு இரவில் வேகம் ஒன்றாக இருக்காது, மூன் இருக்கிற குழுவில் கேட்கவே வேண்டாம். தாளத்துக்குத் தாளம் வெட்டி நகர்த்தி ஒட்டவேண்டும். இதில் கோடம்பாக்கத்துப் பாடம் மறுபடி வருகிறது. பேஸுக்கான ட்ராக் காலியாக இருந்தாலும், மேடையில் அவ்வளவு உரக்க வாசித்த பேஸ் டிரம்ஸ் மைக்கில் கொஞ்சமாவது கசியாமல் இருக்காது. அந்த நிழலைப் பிடித்துக்கொண்டு பொருத்தலாம். தப்பாகப் பொருத்தினால் அதே நிழல் காட்டியும் கொடுத்துவிடும்.

இது ஏமாற்று இல்லையா என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். என்ட்விசில் 2002-லேயே இறந்துவிட்டார், திரும்ப வாசிக்கவைக்க முடியாது. வேறு யாரையாவது வாசிக்கவைத்திருந்தால் ஏமாற்று. முந்தைய இரவின் அவரையே, சொல்லிவிட்டுப் போட்டிருக்கிறார்கள். எனக்கு உடன்பாடுதான். 2001-இல் வந்த லீட்ஸ் பதிப்புதான் என்னைத் தொந்தரவு செய்கிறது. முழுக் கச்சேரியும் வந்துவிட்டது என்று கொண்டாடினார்கள். ஆனால் நடுவில் இருக்கவேண்டிய டாமியைத் தூக்கி இரண்டாவது சிடியில் தனியாக வைத்துவிட்டார்கள். ‘சம்மர்டைம் ப்ளூஸ்’ தொடங்கி ‘மேஜிக் பஸ்’ வரையிலான கடைசிப் பகுதியை அன்றைக்குக் கூடத்தில் இருந்தவர்கள் டாமி முடிந்த கையோடு, வியர்வையோடு கேட்டார்கள். சிடியில் அது டாமிக்கு முன்னாலேயே வந்துவிடுகிறது. ஒரு ‘டிக்’கை எடுப்பதைப் பற்றி அத்தனை சண்டை போடுகிற நாங்கள், இதைப் பற்றிப் பெரிதாக வாய்திறக்கவில்லை.

கூட்டத்தின் சத்தம் என்று வந்தால் இன்னொரு டேப்பைச் சொல்லியாக வேண்டும். பீட்டில்ஸ் 1964 ஆகஸ்டிலும் 1965 ஆகஸ்டிலும் லாஸ் ஏஞ்சலிஸின் ஹாலிவுட் பௌலில் பாடியதை கேபிடல் நிறுவனம் மூன்று ட்ராக்கில் பதிவு செய்தது. ஓயாத அலறல். வெளியிட லாயக்கில்லை என்று பல வருடம் கிடப்பில் கிடந்தது. 1977-இல் அவர்களுடைய தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டினும் இன்ஜினியர் ஜெஃப் எமரிக்கும் அதைக் கையிலெடுத்தபோது ஓடக்கூடிய மூன்று ட்ராக் மெஷின் கிடைப்பதே பெரும்பாடு. கிடைத்த பழைய மெஷினும் சூடேறி நின்றுவிடும். வாக்குவம் கிளீனரைத் திருப்பிக் குளிர்ந்த காற்றை ஊதவைத்து ஓட்டினார்கள் என்று மார்ட்டின் சொல்லியிருக்கிறார். இந்தக் கதையைக் கேட்ட பிறகுதான் எங்கள் இடத்தில் பழைய மெஷின்களைக் காயலான் கடைக்கு அனுப்பும் பேச்சு நின்றது.

2016-இல் மகன் ஜைல்ஸ் மார்ட்டின் அதே டேப்புக்குத் திரும்பியபோது நிலைமை வேறு. ஒரே ட்ராக்கில் கலந்து கிடந்த குரலையும் கருவிகளையும் அலறலையும் பிரிக்க அபே ரோடு ஸ்டுடியோவில் மென்பொருள் தயாராகியிருந்தது. பாலையும் நீரையும் பிரிக்கிற அன்னப்பறவை என்று நாம் கதையில் படித்ததைக் காதால் கேட்டேன். டிரம்ஸ் எழுந்து நின்றது. பேஸ் இருப்பதே அப்போதுதான் தெரிந்தது. அலறலைக் குறைத்தார்கள், ஒழித்துக்கட்டவில்லை. அங்கேதான் ஜைல்ஸின் கை தெரிகிறது. அதை முழுக்க எடுத்திருந்தால், தங்கள் குரலே தங்களுக்குக் கேட்காமல் நால்வரும் எப்படிச் சேர்ந்து பாடினார்கள் என்ற அதிசயமும் கூடவே போயிருக்கும்.

இசைக்கலைஞர்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வேலை செய்வது தனிக் கலை. எழுபதுகளில் ஓரளவு பெயர் வாங்கிய ஒரு குழுவினர், தங்கள் பழைய கச்சேரி டேப்பைக் கேட்க நான்கு பேருமாக வந்தார்கள். வருடக்கணக்காக ஒருவரோடு ஒருவர் பேசாதவர்கள். ஒவ்வொருவரும் தன் ட்ராக்கை மட்டும்தான் கேட்டார். கிட்டார்காரர் தான் தப்பாக வாசித்த ஓர் இடத்தை எடுக்கச் சொன்னார். பாடகர் அது இருந்தால்தான் நிஜம் என்றார். நிஜத்தின் மேல் உள்ள பற்று அல்ல அது என்று அறையில் இருந்த எல்லாருக்கும் தெரியும். கடைசியில் பில் கட்டியவர் சொன்னது நடந்தது. பெரும்பாலும் அப்படித்தான் நடக்கும். அதனால் எதையும் தொடாத நேரடிப் பிரதி ஒன்றை எப்போதும் தனியாக எடுத்து வைத்துவிடுவேன். நாளைக்கு வேறொருவர் வேறு பணத்தோடு வருவார்.

சென்னைக்குத் திரும்பிவந்த பிறகு சின்ன அளவில் வேலை செய்கிறேன். சபாக் கச்சேரிகள், நாடகங்கள், எப்போதாவது கல்லூரி விழாக்களில் பாடிய பழைய ஆங்கிலப் பாட்டுக் குழுக்கள். சமீபத்தில் ஒரு பையன் தன் மாமா எழுபதுகளின் கடைசியில் வாசித்த கச்சேரியின் ஸ்பூலைக் கொண்டுவந்தான். “சார், நடுவுல வர்ற பேச்சு, கைதட்டு எல்லாத்தையும் எடுத்துடுங்க. பாட்டு மட்டும் போதும், ஆன்லைன்ல போடணும்” என்றான். குரலைத் தனியாகப் பிரிக்கும் மென்பொருள் தன் லேப்டாப்பிலேயே இருப்பதாகவும், டேப்பை மாற்றிக் கொடுத்தால் மிச்சத்தைத் தானே பார்த்துக்கொள்வதாகவும் சொன்னான். நான் பல வருடம் கையால் செய்த வேலையை இப்போது அவன் சாப்பாட்டு இடைவேளையில் செய்வான். பொறாமை இல்லாமல் இல்லை.

மூன்றாவது பாட்டுக்கும் நான்காவது பாட்டுக்கும் நடுவில் மேடையில் ஒருவர் மைக்கைப் பிடித்து, கேட்டை மறித்து நிற்கிற ஸ்கூட்டரை எடுக்கச் சொல்கிறார். நம்பரையும் படிக்கிறார். கிட்டார்காரர் சுருதி சேர்த்துக்கொண்டே இருக்கிறார், யாரோ விசில் அடிக்கிறார். கூடம் எவ்வளவு பெரிது, கதவு எந்தப் பக்கம் என்பதெல்லாம் அந்த அரை நிமிடத்தில் காதுக்குத் தெரிந்துவிடுகிறது. பாட்டுகளில் அது கிடைப்பதில்லை. பையனுக்கு அவன் கேட்டபடி வெட்டிக் கொடுத்தேன், முழுப் பிரதியையும் சேர்த்துக் கொடுத்தேன்.

ஒரு வாரம் கழித்து மாமா போன் செய்தார். மருமகன் ஆன்லைனில் போட்டதைக் கேட்டாராம், நன்றாகத்தான் இருக்கிறதாம். “அந்த முழு டேப்பை எனக்கு இன்னொரு காப்பி போட்டுத் தரமுடியுமா சார்? அந்த ஸ்கூட்டர் எங்க டிரம்மரோடது. மேடையில உக்காந்துக்கிட்டே சாவியைத் தூக்கிப் போட்டான். அவனுக்கு அனுப்பணும்” என்றார்.